சுவிட்ச் உள்ளேயா, வெளியேயா? படுக்கையறைக்கும் குளியலறைக்கும் சேர்த்து ஒரு முடிவு

சுவரில் காடி வெட்டும் நாளில்தான் அந்தக் கேள்வி வரும். எலக்ட்ரீஷியன் கையில் உளியோடு நின்றுகொண்டு, "சார், பாத்ரூம் சுவிட்ச் உள்ளேயா, வெளியேயா? பெட்ரூம்ல டூ-வே வேணுமா?" என்று கேட்பார். டூ-வே என்றால் ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்து போட்டு அணைக்கும் வசதி. நம் மனம் அப்போது டைல்ஸ் நிறத்திலோ கதவு அளவிலோ இருக்கும். "வழக்கமா எங்க வைப்பீங்களோ அங்கேயே வைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பூச்சு முடிந்து பெயின்ட் அடித்தபின் அதை மாற்றுவது பெரிய வேலை.

நானும் அப்படிச் சொன்னவன்தான். எங்கள் படுக்கையறையில் ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. கதவை முழுக்கத் திறந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இடத்தில் அது இருந்தது. அப்பாவுக்கு எழுபது வயது தாண்டியபிறகு, இரவில் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே அவர் நடப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒருநாள் கட்டில் காலில் இடறி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதன்பிறகு இரவில் தனியாக எழுந்து போகவே பயந்தார். அந்த வீட்டின் வயரிங்கைத் திரும்பச் செய்தபோது, இந்த முறை ஒவ்வொரு சுவிட்சுக்கும் நின்று யோசித்தேன். அப்போது எடைபோட்டுப் பார்த்த வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். வரைபடத்தில் படுக்கையறையும் குளியலறையும் இரண்டு கட்டங்கள். நள்ளிரவில் எழுபவருக்கு அவை ஒரே பாதை. கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து குளியலறை, அங்கிருந்து திரும்பிக் கட்டில். தூக்கக் கலக்கத்தில் போகும் கால், ஈரத்தோடு திரும்பும் கை. இந்த இரண்டையும் வைத்துத்தான் சுவிட்சுக்கு இடம் குறிக்க வேண்டும். அறை அறையாகப் பிரித்து முடிவு செய்தால் எங்காவது ஓர் இடத்தில் இருட்டு மிஞ்சிவிடும்.

குளியலறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஈரக்கையும் மின்சாரமும்

உடல் வழியே 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்தாலே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, அது கொஞ்ச நேரம் நீடித்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையும் ஆபத்து வருகிறது. தோல் நனைந்திருக்கும்போது உடலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். அதைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் 230 மில்லி ஆம்பியர் பாய்ந்துவிடும்.

இதை எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். பார்த்துக்கொள்ளாது. விளக்குகளுக்குப் போடும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கு 6000 மில்லி ஆம்பியரில் தொடங்குகிறது. 230 மில்லி ஆம்பியர் அதன் கண்ணிலேயே படாது. எம்.சி.பி. வயரைக் காப்பதற்கு. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். யாருடைய உடல் வழியாகவாவது கசிந்து நிலத்துக்குப் போனால் கணக்கு இடிக்கும், உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். அந்த அளவு கசிவுக்கு 0.3 நொடிக்குள் அது விழ வேண்டும் என்பது தர அளவு. அதன் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

ஆனால் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்பதற்காக சுவிட்சை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆகாது. ஒருவர் பேஸ் வயரையும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலையும் (அது திரும்பிப் போகும் வயர்) ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் போகும் கணக்கும் வரும் கணக்கும் சரியாகவே இருக்கும், அது விழாது. அதனால் தண்ணீரிலிருந்து தூரம்தான் முதல் காவல். ஆர்.சி.சி.பி. இரண்டாவது.

அந்தத் தூரம் எவ்வளவு? குளியலறைகளுக்கான சர்வதேச மின்னமைப்புத் தரமான ஐ.ஈ.சி. 60364, பகுதி 7-701, இதற்கு அளவே கொடுத்திருக்கிறது. தொட்டி இல்லாத ஷவர் என்றால், சுவரில் தண்ணீர் வரும் நிலையான இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் 120 செ.மீ., உயரத்தில் 225 செ.மீ. வரை ஈர மண்டலம். அதற்குள் சாதாரண வீட்டு மின்சாரத்தில் வேலை செய்யும் சுவிட்ச் கூடாது. குளியல் தொட்டி என்றால் தொட்டிக்கு நேர்மேலே உள்ள இடம் அந்த மண்டலம். அதைத் தாண்டி இன்னும் 60 செ.மீ. வரை வைக்கும் பொருட்களுக்குக் குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 தரத்தில் தெறிப்பைத் தாங்கும் மூடி வேண்டும்.

அளவு நாடாவோடு உள்ளே போய் நின்றால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 210 செ.மீ. நீளமுள்ள குளியலறையில் ஒரு முனையில் ஷவர், மறுமுனையில் கதவு என்றால், கதவருகே 90 செ.மீ. பட்டை மிஞ்சும். உள்ளே சுவிட்ச் வைக்க அங்கே இடம் உண்டு. அறையே 150 செ.மீ. நீளம்தான் என்றால் மிஞ்சுவது 30 செ.மீ. அங்கே உள்ளே வைக்கும் பேச்சே வேண்டாம். கையில் பிடித்துக் குளிக்கும் ஷவர் இருந்தால், அதன் குழாய் நீளுமளவு தண்ணீரும் நீளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வைத்தால்

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். கதவின் தாழ்ப்பாள் பக்கம், சட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளிச் சுவரில். நீராவி இல்லை, தெறிப்பு இல்லை. உள்ளே காலை வைக்குமுன்பே விளக்கு எரிந்துவிடும், தரை ஈரமா காய்ந்திருக்கிறதா என்பது தெரியும். குளியலறையில் வழுக்கி விழுவதைத் தடுக்க இந்த ஒரு நொடி வெளிச்சம் பெரிய உதவி.

இதில் குறையும் உண்டு. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து யாராவது அணைத்துவிடலாம். குழந்தைகள் விளையாட்டாக அணைப்பார்கள், பெரியவர்கள் 'யாரோ மறந்துவிட்டார்கள்' என்று அணைப்பார்கள். ஈரத் தரையில், கண்ணில் சோப்போடு, திடீரென்று இருட்டானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வயதானவர் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. சுவிட்சை 'ஆன்' செய்தால் சிவப்பாக எரியும் இண்டிகேட்டர் வைத்தால் ஓரளவு தடுக்கலாம். இன்னும் நல்ல வழி, உள்ளே உயரத்தில் ஒரு சிறிய விளக்கைத் தனி இணைப்பில் விட்டுவிடுவது. அதற்கான சுவிட்ச் வேறு போர்டில் இருக்கட்டும். பெரிய விளக்கு அணைந்தாலும் இது எரியும்.

வெளியே வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. சுவிட்ச் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். ஷவர் இருக்கும் சுவரின் மறுபக்கத்திலேயே பெட்டியைப் பதித்தால், டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் ஈரம் சில வருடங்களில் பெட்டியின் முதுகைத் தொடும். அங்கே பெயின்ட் உப்பி உதிரத் தொடங்கும், திருகாணி துருப்பிடிக்கும், சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். அந்தச் சுர்ரை யாரும் பழகிக்கொள்ளக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய அறிகுறி அது.

உள்ளே வைத்தால்

உள்ளே வைப்பதே தவறு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது அப்படியில்லை. அமெரிக்க வீடுகளில் குளியலறை விளக்குச் சுவிட்ச் உள்ளே இருப்பது சர்வ சாதாரணம். அங்கே வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். தொட்டிக்கும் ஷவருக்கும் உரிய இடத்துக்குள் சுவிட்ச் வைக்க விதி அனுமதிப்பதில்லை. குளியலறைப் பிளக் பாயின்ட்டுகளுக்கு 1975 முதல் சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் காப்புச் சாதனத்தை அந்நாட்டு மின்விதி கேட்கிறது. பிரிட்டனில் மின்னழுத்தம் 230. அங்கே கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து விளக்குப் போடும் சுவிட்ச்தான் பரவலாக இருக்கிறது. சுவிட்ச் கூரையில் இருக்கும், ஈரக்கையில் படுவது கயிறு மட்டும். இரண்டு ஊரும் வேறு வேறு விடை கண்டிருக்கின்றன. ஈரக்கை மின்னிணைப்பைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் ஒரே நோக்கம்தான்.

உள்ளே இருந்தால் யாரும் வெளியிலிருந்து அணைக்க முடியாது. அது பெரிய நிம்மதி. ஆனால் 120 செ.மீ. எல்லைக்கு வெளியே இடம் வேண்டும், தெறிப்பைத் தாங்கும் மூடி வேண்டும், நீராவியை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். வெந்நீரில் குளிக்கும் வீட்டில் நீராவி சாதாரண சுவிட்சின் இடுக்குகளுக்குள் புகுந்து குளிர்ந்து துளியாகும். திறந்து பார்த்தால் செம்பு முனைகள் பச்சை பூத்திருக்கும். இவ்வளவும் செய்ய இடமும் மனமும் இருந்தால் உள்ளே வையுங்கள். ஒன்று குறைந்தாலும் வெளியேதான் நல்லது.

கயிறு இழுக்கும் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்பில் அது அருமை. ஆனால் இருட்டில் தொங்கும் கயிற்றைத் தேடுவது, பார்வை மங்கியவருக்குத் தொல்லை. கயிறு அழுக்காகும், முனையில் உள்ள குமிழ் கழன்றுவிடும். அடிக்கடி மாற்றத் தயாராக இருப்பவருக்கு நல்ல தேர்வு.

அசைவைக் கண்டு தானாக எரியும் சென்சார் விளக்கும் இருக்கிறது. கையே படாது என்பது ஈர்ப்பு. உடல் வெப்பத்தின் அசைவை உணரும் வகை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்காது. ஷவருக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தால், குளித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அணையும். அதனால் குளியலறையின் ஒரே விளக்காக இதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நள்ளிரவுக்கென்று மங்கலான இரண்டாவது விளக்காக வைத்தால் இதைவிடச் சிறந்தது கிடையாது.

கீசர் சுவிட்ச் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டி.பி. வகை, கீசரின் ஆம்பியருக்கு ஏற்றதாக, குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

படுக்கையறை: கை எட்டும் தூரம்

படுக்கையறையில் அச்சம் குறைவு, ஆனால் தினமும் படும் சிரமம் அதிகம். கதவருகே மட்டும் சுவிட்ச் இருந்தால், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கட்டிலுக்கு நடக்க வேண்டும், எழும்போது இருட்டிலேயே கதவுக்கு நடக்க வேண்டும். கட்டில் பக்கம் மட்டும் இருந்தால் நுழையும்போது இருட்டு. இரண்டையும் டூ-வே சுவிட்ச் தீர்த்துவிடுகிறது. மாடிப்படிக்குப் போடும் அதே வயரிங்தான். எங்கே போட்டாலும் எங்கே வேண்டுமானாலும் அணைக்கலாம். கூடுதல் செலவு கொஞ்சம் வயரும் ஒரு சுவிட்சும்தான், சுவர் திறந்திருக்கும்போதே செய்தால். என் பார்வையில், புதிதாகக் கட்டுபவர் படுக்கையறையில் வேறு எதை மிச்சம் பிடித்தாலும் இதை மிச்சம் பிடிக்கக் கூடாது.

டூ-வே போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் வயரை மிச்சப்படுத்த, பக்கத்துப் பக்கத்து பிளக் பாயின்ட்டுகளிலிருந்து பேஸையும் நியூட்ரலையும் எடுத்து இரண்டு சுவிட்சுகளுக்கும் கொடுத்துவிடுவார்கள். விளக்கு சரியாகவே எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும் சில நிலைகளில் ஹோல்டரின் இரண்டு முனையிலும் பேஸ் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் 'அணைத்துவிட்டோமே' என்று கை வைப்பார். ஒரே சுவிட்ச் உள்ள விளக்கிலும், சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிட்டால் இதே ஆபத்துதான். வேலை முடிந்ததும், சுவிட்சின் எல்லா நிலைகளிலும், விளக்கு அணைந்திருக்கும்போது ஹோல்டரில் பேஸ் இல்லை என்பதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல எலக்ட்ரீஷியன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கட்டில் பக்கச் சுவிட்சின் உயரம் படுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. மெத்தையின் மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் மேலே, தலையணைக்குப் பக்கவாட்டில், படுத்தபடியே கை போகும் இடம். பெரும்பாலான கட்டில்களுக்கு அது தரையிலிருந்து 75 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும். தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் போய்விடாமல் இருக்க, பலகையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். கதவருகே உள்ளதற்கு 90 முதல் 120 செ.மீ. போதும். ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைக்கும் பழக்கம் குழந்தைகளுக்கு எட்டாதிருக்க வந்திருக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் தோள் வலி உள்ளவருக்கும் அது எட்டாது. பிரிட்டனின் கட்டட விதி சுவிட்சுகளுக்கு 45 முதல் 120 செ.மீ. வரை என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். அமெரிக்க அணுகல் விதியின் மேல் எல்லையும் 48 அங்குலம், கிட்டத்தட்ட அதே அளவு. குழந்தையின் பாதுகாப்பைப் பிளக் பாயின்ட்டின் துளைகளை மூடி வைக்கும் ஷட்டரும் ஆர்.சி.சி.பி.யும் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டிலில் வயரோடு தொங்கும் பெட் சுவிட்ச் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சுவரைக் கொத்த வேண்டாம் என்பது மட்டுமே அதன் நன்மை. தலையணைக்கும் சுவருக்கும் இடையே தினமும் மடங்கி மடங்கி, சுவிட்சுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் வயரின் உறை வெடிக்கும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறும், சூடேறும். பஞ்சு மெத்தைக்குப் பக்கத்தில் அது நடக்கிறது. குழந்தை இழுத்து வாயில் வைக்கவும் கூடும். வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது என்பவர்களுக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. மின்கலமே இல்லாத கம்பியில்லாச் சுவிட்ச். அழுத்தும் விசையிலிருந்தே ஒரு சமிக்ஞைக்குப் போதுமான மின்சாரத்தை அது உண்டாக்கிக்கொள்ளும், விளக்கருகே வைத்த ரிசீவர் அதைக் கேட்டு விளக்கைப் போடும். சுவரில் ஒட்டினால் போதும். வீட்டு மின்சாரம் அதற்குள் வருவதே இல்லை என்பதால், குளியலறைக்குள்ளும் இது துணிந்து வைக்கக்கூடியது, தண்ணீர் தாங்கும் வகையாக இருந்தால்.

கைபேசியில் இயங்கும் ஸ்மார்ட் சுவிட்சை நான் இதற்கடுத்த இடத்தில்தான் வைப்பேன். பல வகைகளுக்குச் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வேண்டும், பழைய வயரிங்கில் அது அங்கே வந்திருக்காது. தூக்கத்தில் எழுபவர் கைபேசியைத் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது. சுவரில் கையால் அழுத்தவும் முடிகிற வகை என்றால் சரி.

அப்புறம், இருட்டில் சுவிட்சைக் காட்டும் சின்ன நியான் பொட்டு. படுக்கையறைக் கதவருகே அது நல்ல துணை. சில எல்.ஈ.டி. விளக்குகள் அந்தச் சிறு மின்னோட்டத்திலேயே அணைந்தும் அணையாமலும் மினுக்கும். அப்படி ஆனால் விளக்கை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தப் பாதை

இரவு நடைக்குப் பெரிய விளக்கு தேவையே இல்லை. இருட்டுக்கு முழுக்கப் பழக கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. நள்ளிரவில் பளீரென்று ஒரு வெள்ளை விளக்கைப் போட்டு அணைத்தால், திரும்பி வரும்போது முன்பைவிட அதிகமாகத் தடுமாறுவோம், பக்கத்தில் தூங்குபவரும் விழித்துக்கொள்வார். கட்டிலுக்கு அடியில், கால் வைக்கும் உயரத்தில், மங்கலான மஞ்சள் ஒளி தரும் சென்சார் விளக்கு ஒன்று. குளியலறைக்குப் போகும் வழியில் அதேபோல் இன்னொன்று. கால் தரையில் பட்டதும் எரிந்து, சில நிமிடத்தில் தானே அணையும். படுக்கையில் புரண்டால் எரிந்துவிடாதபடி சென்சாரைக் கட்டிலுக்குக் கீழே தரையைப் பார்த்து வைக்க வேண்டும். முதலில் எங்கள் வீட்டில் தப்பாக வைத்து, இரவெல்லாம் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

எங்கள் வீட்டில் கடைசியாக நின்றது இதுதான்: படுக்கையறையில் கதவுக்கும் கட்டிலுக்கும் டூ-வே, கட்டிலுக்கு அடியில் சென்சார் விளக்கு, குளியலறைக்கு வெளியே தாழ்ப்பாள் பக்கம் இண்டிகேட்டரோடு சுவிட்ச், உள்ளே கண்ணாடிக்கு மேலே தனி இணைப்பில் ஒரு சிறு விளக்கு, மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் வயதானவர் இல்லாமல், குளியலறையும் பெரிதாக இருந்திருந்தால் சுவிட்சை உள்ளேயே வைத்திருப்பேன். வாடகை வீடாக இருந்திருந்தால் கம்பியில்லாச் சுவிட்சும் சென்சார் விளக்கும் போதும் என்று விட்டிருப்பேன்.

நீங்கள் முடிவு செய்யுமுன் ஒரு வேலை இருக்கிறது. சுவரில் காடி வெட்டும் நாளுக்கு முந்தைய இரவு, ஒரு சாக்பீஸோடு அந்த அறைக்குப் போங்கள். கட்டில் வரப்போகும் இடத்தைத் தரையில் கோடு போட்டு, அங்கே ஒரு பாயை விரித்துப் படுங்கள். மெத்தையின் உயரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு கையை நீட்டுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், அலமாரி எந்தச் சுவரை மறைக்கும் என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எழுந்து குளியலறை வரை மெதுவாக நடந்து போய், கை தானாக எங்கே சுவரைத் தேடுகிறதோ அங்கே ஒரு குறி போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கை போகும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எலக்ட்ரீஷியன் வந்ததும் அந்தக் குறிகளைக் காட்டினால் போதும், ஷவரிலிருந்து 120 செ.மீ. எல்லையை மட்டும் இருவருமாகச் சேர்ந்து அளந்துவிடுங்கள்.